ஆரிஃப் வீட்டுக் கேபிள்

காப்பி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். மத்தியானத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

கம்ப்யூட்டருக்குள் கிராஃபிக்ஸ் கார்டு வழக்கமாக மதர்போர்டிலேயே செருகியிருக்கும். அதை நிமிர்த்தி வைத்துப் பெட்டியின் கண்ணாடி வழியாக அழகு பார்க்க நினைப்பவர்களுக்கு, வளையக்கூடிய ஒரு பட்டைக் கேபிள் வேண்டும். இங்கே சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிக்காக அதை வடிவமைத்தது நான். ரிப்பன் போல மடியும். நான் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அதைச் சோதித்துப் பார்ப்பவன் ஆரிஃப். நல்ல மனிதன். ஒருநாள் டன்லப் ஸ்திரீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“ரெங்கா, உன் கேபிள் முனையில இருக்கிற ஸ்குரூவைக் கொஞ்சம் கூடுதலா இறுக்கினா, உள்ள கரன்ட் ஓடுற செம்புல பட்டுடுது லா. டெஸ்ட் பண்ணப்ப கருகிடுச்சு. வீட்டுல போட்டா தீப்பிடிக்கும். பாஸ்கிட்ட நீயே சொல்லிட்டா உனக்கு மரியாதை.”

“சொல்றேன்,” என்றேன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. விஷயம் தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான். ஆனால் பாஸிடம் சொன்னால் அந்த வடிவத்தையே தூக்கிப் போட்டிருப்பார். ஒரு முனையில் இருக்கும் குறைக்காக முழுக் கேபிளையும் குப்பையில் போடுவது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆரிஃப் தன் மகள் ஹஸீனாவுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக்கொண்டிருந்தான். பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கிற பெண். செங்காங்கில் உள்ள அவர்கள் வீட்டுக்கு ஒரு கேபிளோடு போனேன்.

“நீ சொன்னதைச் சரி பண்ணிட்டேன். முதல்ல உன் வீட்டுலதான் போடணும்,” என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மனைவி ஷமீமா தேநீர் போட்டார். வேலை முடிந்ததும், “சூப்பரா இருக்கு அங்கிள்,” என்று ஹஸீனா கம்ப்யூட்டர் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

நான் எதையும் சரி செய்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஷமீமா சந்தைக்குப் போயிருந்தார். ஹஸீனா கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பக்கத்துக் கட்டிலிலேயே தூங்கிப்போனாள். ஆரிஃப் இரண்டு முறை புகைக்குள் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இரண்டாவது முறை திரும்பவில்லை. மகளும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து பார்க்கப் போனபோது ஷமீமா, “உங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை அண்ணே,” என்றார். தலையசைத்தேன். பிறகு வழக்கம்போல வேலைக்குப் போனேன். கேபிள் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று எந்தெந்த வீடுகளில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பயத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். கேபிளைக் கொடுத்தது மட்டுமில்லை. லேசாக இறுக்கினால் ஒன்றும் ஆகாது. ஆரிஃப் அப்படித்தான் இறுக்கிவிட்டு, சமையலறையிலிருந்து தேநீரை எடுத்து வரப் போனான். ஸ்குரூடிரைவரை எடுத்து மேலும் திருகியது நான். செம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற அளவுக்கு; மெல்லச் சூடேறி, நேரம் கழித்துத்தான் பற்றும். வேறு யாராவது திருகியிருந்தால் செம்பில் நன்றாக அழுந்தி, சுவிட்சைப் போட்டதுமே பொறி பறந்து அவன் கையைச் சுட்டிருக்கும். என் நண்பனுக்கு என்னால் ஒரு சின்னக் காயம்கூட வரக்கூடாது சார்.