கியர் போடுற கை

சௌந்திரம்: கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க. ஆடுது பாருங்க.

நவநீதகிருஷ்ணன்: சாத்தியாச்சு. நீ எறங்கு புள்ள, நான் ஓட்டறேன்.

சௌந்திரம்: நீங்க ஓட்டி நம்ம கேட்டுத் தூணு போனது போதுங்க.

நவநீதகிருஷ்ணன்: அது ஒருக்கா. அதையே எத்தனை நாளைக்குச் சொல்லுவே?

சௌந்திரம்: அந்தத் தூணு மறுக்கா எந்திரிச்சு நிக்கற வரைக்கும்.

நவநீதகிருஷ்ணன்: வெளையாடாதே. வண்டி நெறைய முட்டை. இடது கைல கியர் போடோணும். டாக்டரு என்ன சொன்னாரு?

சௌந்திரம்: பழகச் சொன்னாரு.

நவநீதகிருஷ்ணன்: மெல்லப் பழகச் சொன்னாரு!

சௌந்திரம்: ஒரு வருசமா சுவத்துல வெரல மேல ஏத்தி எறக்கிக்கிட்டுக் கெடக்கறேன். எறும்புகூட அத்தனை தூரம் ஏறியிருக்காது. இதுக்கு மேல என்னத்த மெல்ல?

நவநீதகிருஷ்ணன்: டிரைவரு கதிரு எங்க?

சௌந்திரம்: இனி வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நீங்க சந்தைக்குப் போனப்பல்லாம் நானே ஓட்டிப் பழகிக்கிட்டுத்தான் இருந்தேன்.

நவநீதகிருஷ்ணன்: எனக்குத் தெரியாமயா?

சௌந்திரம்: தெரிஞ்சா சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சிருவீங்க. ம்... பாருங்க. ஒண்ணு. ரெண்டு. முழங்கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டுத் தள்ளுனா தோளுக்குச் சேதியே போறதில்ல.

நவநீதகிருஷ்ணன்: ரிவர்ஸு?

சௌந்திரம்: அதுக்குச் சித்த நோவுது. அதனால வண்டிய முன்னால எடுக்கறாப்பலயே நிறுத்திக்கறேன்.

நவநீதகிருஷ்ணன்: எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிரு.

சௌந்திரம்: கால ஏனுங்க அப்பிடி நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?

நவநீதகிருஷ்ணன்: மரத்துப் போச்சு.

சௌந்திரம்: இப்பத்தான ஏறுனீங்க, அதுக்குள்ளயா?

நவநீதகிருஷ்ணன்: ...இந்தக் குட்டியானை வண்டில எடம் ஏது? காலு மரத்துத்தான் போகும்.

சௌந்திரம்: கல்யாணத்துக்கே வேட்டிதான் கட்டுவீங்க. இன்னைக்கு என்ன பேண்ட்டு?

நவநீதகிருஷ்ணன்: சேலத்துக்குப் போறமில்ல. டவுனு.

சௌந்திரம்: மூணு மளிகைக் கடைல முட்டை எறக்கறதுக்கு.

நவநீதகிருஷ்ணன்: ஏன், கடைக்காரன் மனுசனில்லையா? ஆமா... அதென்ன இன்னைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போறே?

சௌந்திரம்: துணைக்கு. கை மக்கர் பண்ணுச்சுன்னா ஒரு ஆளு வேண்டாமா?

நவநீதகிருஷ்ணன்: அதுதான் நானும் சொல்றேன். அந்தக் கை பட்ட பாடு போதும். ஊசின்னாலே இனி நம்ம குடும்பத்துக்கு ஆகாது.

சௌந்திரம்: இப்ப ஊசியப் பத்தி யாருங்க பேசுனா?

நவநீதகிருஷ்ணன்: யாரும் பேசல... சும்மா சொன்னேன்.

சௌந்திரம்: சும்மாவா?

நவநீதகிருஷ்ணன்: ரோட்டப் பாத்து ஓட்டு.

சௌந்திரம்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பேசுங்க.

நவநீதகிருஷ்ணன்: என்னத்தப் பேசறது? கோழிக்கொட்டாயில தகரம் கிழிச்சதுக்கு ஒரு ஊசி. அம்புட்டுத்தான். எறும்பு கடிச்சாப்பல போயிரும்னு நெனச்சோம். அன்னைக்கு ராத்திரியே கையத் தூக்க முடியல உனக்கு.

சௌந்திரம்: ஆமாங்க.

நவநீதகிருஷ்ணன்: ரெண்டு நாள்ல சரியாயிரும்னாங்க. ஆச்சா? ஒரு டாக்டரு சக்கரைன்னாரு. ஒருத்தரு வயசுன்னாரு. உனக்கென்ன அப்ப வயசு?

சௌந்திரம்: அதை இப்ப எதுக்குச் சொல்லோணும்?

நவநீதகிருஷ்ணன்: சேலத்து டாக்டரு பாத்துத்தான் சொன்னாரு, ஊசிய ரொம்ப மேல போட்டுட்டாங்க, மருந்து சதைல எறங்காம மூட்டுக்குள்ள போயிருச்சு, அதுதான் உள்ள புண்ணாட்டம் ஆயிருச்சுன்னு. அதுக்குள்ள தோளு இறுகிப்போச்சு. ஒரு தலை பின்ன முடிஞ்சுதா உனக்கு? ஜாக்கெட்டு ஊக்கு மாட்ட முடிஞ்சுதா?

சௌந்திரம்: நீங்க பின்னி வுட்டீங்களே.

நவநீதகிருஷ்ணன்: பின்னுனேனில்ல!

சௌந்திரம்: அது பின்னலுங்களா? தேங்கா நாருல கயிறு திரிச்சாப்பல இருந்துது. ரேசன் கடைல ஒருத்தி, ஏனக்கா தலை சிக்காயிருச்சான்னு கேட்டா.

நவநீதகிருஷ்ணன்: சிரி, சிரி. ராத்திரி தூக்கத்துல அந்தப் பக்கம் பொரண்டா ஒரு சத்தம் போடுவே பாரு... அடி வாங்குன ஆட்டுக்குட்டியாட்டம். அதுக்குப் பயந்துக்கிட்டே முழிச்சுக் கெடப்பேன். பொரளாம இருக்கோணுமேன்னு.

சௌந்திரம்: ...நீங்க தூங்கறீங்கன்னுதான் நெனச்சேன்.

நவநீதகிருஷ்ணன்: எங்க தூங்கறது? அந்தப் புள்ளை யாருன்னு கடைசி வரைக்கும் நீயும் சொல்லல.

சௌந்திரம்: எந்தப் புள்ளை?

நவநீதகிருஷ்ணன்: உனக்கு ஊசி போட்ட நர்ஸு. பேரு கேட்டா தெரியாதுன்னே. ஆளு எப்பிடின்னா மறந்துருச்சுன்னே.

சௌந்திரம்: தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கத்துவீங்க. கத்துனா என்ற கை மேல போயிருமா?

நவநீதகிருஷ்ணன்: நாலு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல.

சௌந்திரம்: கேக்க வேண்டியத நான் போயிக் கேட்டுப்போட்டேன். அது முடிஞ்சுது. சரி... நாய் எந்தப் பக்கம் ஓடுச்சு?

நவநீதகிருஷ்ணன்: கேட்டத் தாண்டி ஏரிப் பக்கமா... எந்த நாயி?

சௌந்திரம்: உங்க கெண்டைக்கால்ல வாய வெச்ச நாயி.

நவநீதகிருஷ்ணன்: ...மாரியாயி சொல்லிப்போட்டாளா?

சௌந்திரம்: கொட்டாய் கூட்டறவளுக்குக் கண்ணு இருக்காதுங்களா? ஏனக்கா, அண்ணன் கால் கழுவுன தொட்டியெல்லாம் செவந்து கெடந்துதேன்னு காலைல வந்து கேக்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

நவநீதகிருஷ்ணன்: சோப்புப் போட்டுத்தான் கழுவுனேன். ரொம்ப நேரம் கழுவுனேன்.

சௌந்திரம்: கழுவுனது நல்லது. அப்புறம்?

நவநீதகிருஷ்ணன்: அப்புறம் பேண்ட்டு போட்டுக்கிட்டேன்.

சௌந்திரம்: ஏனுங்க... நாய்க்கடின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? வந்துட்டா மருந்தே கெடையாதுங்க.

நவநீதகிருஷ்ணன்: அது நல்ல நாயாட்டத்தான் தெரிஞ்சுது.

சௌந்திரம்: கடிச்ச நாயி எங்கீங்க நல்ல நாயி? நம்ம தெரு நாயிகூட இல்ல. தேடிப் புடிச்சுக் கட்டிப் போட்டுப் பாக்கறதுக்கும் வழியில்ல.

நவநீதகிருஷ்ணன்: இது சேலம் ரோட்டுல திரும்பாம எங்க போகுது வண்டி?

சௌந்திரம்: ஆட்டையாம்பட்டிக்குள்ள. அங்க ஒரு ஆஸ்பத்திரி இருக்குது.

நவநீதகிருஷ்ணன்: நிறுத்து. நான் எறங்கிக்கறேன்.

சௌந்திரம்: நிறுத்த மாட்டேன்.

நவநீதகிருஷ்ணன்: சௌந்திரம், நிறுத்துன்னா நிறுத்து! உனக்கு நடந்தத ஒரு வருசம் கூடவே இருந்து பாத்தவன் நான். அந்த ஊசிய எங் கைல போட வுட மாட்டேன்.

சௌந்திரம்: சரி, நிறுத்திப்போட்டேன். நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு வந்தது ஊசியால இல்லீங்க. ஒரு எடம் தப்பிப் போட்டதால. தகரம் கிழிச்சதுக்கு அந்த ஊசி வேணுந்தான். இன்னைக்குக் கிழிச்சாலும் போய்ப் போட்டுக்குவேன்.

நவநீதகிருஷ்ணன்: வாயில சொல்லலாம்.

சௌந்திரம்: வாயில இல்ல. போன மழைக்காலத்துல காய்ச்சல் வராம இருக்கறதுக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டேன். இதே ஆஸ்பத்திரிலதான்.

நவநீதகிருஷ்ணன்: என்னது! எங்கிட்டச் சொல்லவே இல்ல?

சௌந்திரம்: சொன்னா வுட்டிருப்பீங்களா? வலது கைல. ஒரு சுருக்கு, அம்புட்டுத்தான். அடுத்த நாளே அந்தக் கையாலயே தட்டுத் தட்டா முட்டை ஏத்துனேன், நீங்களும் பாத்தீங்க. இங்க இருக்கற பொண்ணு அருமையாப் போடுது.

நவநீதகிருஷ்ணன்: ...பயமா இல்லியா உனக்கு?

சௌந்திரம்: இருந்துது. ஒடம்பெல்லாம் வேர்த்துருச்சு. இருந்தாலும் போட்டுக்கிட்டேன். என்ற கை போச்சுன்னா திருப்பிப் பழகிக்கலாங்க, பழகிட்டேன். நீங்க போனா எந்தச் சுவத்துல வெரல ஏத்தி நான் பழகறது? மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்காதீங்க.

நவநீதகிருஷ்ணன்: வண்டிய எடு. முட்டை வெயில்ல நிக்குது.

*

வினோலியா: வாங்க சௌந்... வாங்கக்கா. டாக்டர் பாத்துட்டாங்களா?

சௌந்திரம்: பாத்துட்டாருங்க சிஸ்டர். காயத்தச் சுத்தி மருந்து போட்டு வுட்டுட்டாரு. கைல போடற ஊசி மட்டும் நீங்க போடுவீங்கன்னாரு. இவருதான் என்ற ஊட்டுக்காரரு.

வினோலியா: வணக்கங்கண்ணா. இந்தச் சேர்ல உக்காருங்க.

நவநீதகிருஷ்ணன்: ம். உம் பேரென்ன அம்மிணி?

வினோலியா: வினோலியாங்க.

நவநீதகிருஷ்ணன்: இந்தூரா?

வினோலியா: இல்லீங்க, சேலம். அரிசிபாளையம். தினமும் பஸ்ல வரேன்.

நவநீதகிருஷ்ணன்: இங்க வந்து ரொம்ப நாளாச்சா? அதுக்கு முந்தி எங்க இருந்தே?

சௌந்திரம்: ஏனுங்க, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? ஊசி போட வந்திருக்கீங்க.

நவநீதகிருஷ்ணன்: கேக்கக் கூடாதா? அம்மிணி, இத இடுப்புல போட்டுரு. கை வேண்டாம்.

வினோலியா: நாய்க்கடி ஊசிய இடுப்புல போடக் கூடாதுங்கண்ணா. அங்க போட்டா சரியா வேலை செய்யாது. கைலதான் போடணும்.

நவநீதகிருஷ்ணன்: அப்ப வலது கைல போடு. இல்ல... இரு... எனக்குச் சோத்துக் கை அது. இடது கைலயே போடு.

சௌந்திரம்: ஒரு கையச் சொல்லுங்க.

நவநீதகிருஷ்ணன்: இடது. நான் வண்டி ஓட்டப் போறதில்ல, அதுதான் நீ வந்துட்டியே.

வினோலியா: சித்த இருங்கண்ணா, ஸ்டூல இழுத்துப் போட்டுக்கறேன்.

நவநீதகிருஷ்ணன்: எதுக்கு?

வினோலியா: நானும் உக்காந்துதான் போடுவேங்க. நின்னுக்கிட்டுப் போட்டா என் கண்ணு உங்க தோளுக்கு மேல இருக்கும். ஊசியும் மேலயே போயிரும்.

நவநீதகிருஷ்ணன்: ம்... இதெல்லாம் படிப்புல சொல்லிக் குடுத்தாங்களா?

வினோலியா: சொல்லித்தான் குடுத்தாங்க. கூட்டத்துல, அவசரத்துல... மறந்து போகுங்க. இப்ப மறக்கறதில்ல.

நவநீதகிருஷ்ணன்: இப்ப மட்டும் எப்பிடி மறக்கறதில்ல?

சௌந்திரம்: கேள்வி கேட்டது போதும். சட்டைக் கையச் சுருட்டுங்க.

வினோலியா: சுருட்ட வேண்டாங்க, சுருட்டுனா தோளு முழுசாத் தெரியாது. பட்டனக் கழட்டிட்டு சட்டையத் தோள விட்டு எறக்கிருங்க.

நவநீதகிருஷ்ணன்: ...இந்தா, எறக்கியாச்சு.

சௌந்திரம்: எலும்பத் தொட்டுப் பாத்துட்டியா?

வினோலியா: பாத்துட்டேங்கக்கா. இந்தா இதான் நுனி. இதுக்குக் கீழ வெரல் வெச்சுப் பாத்து, நல்ல சதை இருக்கற எடம். நீங்க காட்டிக் குடுத்த மாதிரியே...

சௌந்திரம்: நான் எங்க காட்டுனேன்? டாக்டரு காட்டிக் குடுத்த மாதிரின்னு சொல்லு.

வினோலியா: ஆமாங்க... டாக்டர்.

நவநீதகிருஷ்ணன்: அம்மிணி, எலும்ப மறுக்காவும் தொட்டுப் பாக்கறே.

வினோலியா: எடம் சரிதானான்னு பாக்கறேங்கண்ணா.

நவநீதகிருஷ்ணன்: இது மூணாவது தடவை.

சௌந்திரம்: ஏனுங்க, சும்மா இருங்க. நீங்க பேசப் பேசத்தான் அதுக்கு—

நவநீதகிருஷ்ணன்: நீ இரு சௌந்திரம். அம்மிணி, எத்தனை தடவை வேணும்னாலும் பாத்துக்க. மூச்ச வுட்டு நிதானமாப் போடு. வெளில எத்தனை பேரு நின்னாலும் நிக்கட்டும். நான் எங்கயும் எந்திரிச்சு ஓடிற மாட்டேன்.

வினோலியா: சரிங்கண்ணா. கையத் தொங்க வுடுங்க. இறுக்காதீங்க.

நவநீதகிருஷ்ணன்: இறுக்கல. ஊம்... போடு.

வினோலியா: ...முடிஞ்சுதுங்க.

நவநீதகிருஷ்ணன்: அம்புட்டுத்தானா?

வினோலியா: அம்புட்டுத்தாங்க. பஞ்ச அழுத்திப் புடிச்சுக்கோங்க. கைய எப்பவும் போல ஆட்டலாம். கொஞ்சம் வலிக்கும், போயிரும். போகாம இருந்துதுன்னா மட்டும்... வீட்டுலயே இருந்துறாதீங்க. உடனே வந்து என்னைக் கேளுங்க. நான் எங்கயும் ஓடி ஒளிய மாட்டேன்.

சௌந்திரம்: கைய ஒருக்கா மேல தூக்கிக் காட்டுங்க. தூக்குங்க, என்ற மனசு ஆறட்டும்.

நவநீதகிருஷ்ணன்: இந்தா பாரு. கூரையத் தொடவா?

சௌந்திரம்: போதும், போதும். சட்டையப் போடுங்க. கடைக்காரன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான்.

நவநீதகிருஷ்ணன்: சித்த இரு. அம்மிணி, இது ஒண்ணோட முடியாதில்ல?

வினோலியா: இல்லீங்க, இன்னும் இருக்குது. ஒண்ணுகூட விடாம போட்டுக்கணும். தேதி எல்லாம் சீட்டுல எழுதித் தரேன். அண்ணா... அடுத்ததுக்கு வேற சிஸ்டர் போடணும்னு நெனச்சீங்கன்னா, சொல்லுங்க. மதியத்துல பெரிய சிஸ்டர் ஒருத்தங்க இருப்பாங்க. நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்.

சௌந்திரம்: வேற சிஸ்டர் எதுக்கு? அவரு என்ன கேட்டாரா?

நவநீதகிருஷ்ணன்: நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாதுன்னு கண்ணாலயே பேசிக்கிட்டது போதும். அன்னைக்கு இவளுக்கு நீ ஊசி போட்டப்ப, நீ முந்தி இருந்த ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளில நின்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் அம்மிணி. பேருதான் தெரியல, மூஞ்சி மறக்கல; இவ வாயில வருதான்னுதான் ஆளு எப்பிடின்னு கேட்டுப் பாத்தேன். உள்ள வந்து உம் மூஞ்சியப் பாத்ததுமே எந்திரிச்சுப் போயிறலாம்னுதான் நெனச்சேன். நீ ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தே பாரு... அதுக்கப்பறந்தான் சட்டைய எறக்குனேன். மிச்ச ஊசியும் நீயே போடு.