நான்கு விரல் தூரம்

இரண்டாவது லென்ஸ் சின்னதாக இருப்பதே நல்லது, இன்ஸ்பெக்டர் சேர். கல்யாண வீட்டில் கழுத்தில் ஒரு கேமரா தொங்கும்போது, பையில் இன்னொரு பாரத்தையும் சுமந்துகொண்டு எவன் அலைவான்? மோதிரம், மருதாணி, தாலிக்கொடி, இதற்கெல்லாம் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற ஒரு சின்ன மேக்ரோ லென்ஸ் போதும். சட்டைப் பையிலேயே அடங்கும். ஜனார்த்தனனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

அவன் புசல்லாவைப் பையன். நாவலப்பிட்டியில் என் ஸ்டூடியோவுக்கு லைட் பிடிக்க வந்தவன். கேமராவைப் பிடிக்கப் பழக்கியதும், எடுக்கும்போது மற்றக் கண்ணை மூடிக்கொள்ளப் பழக்கியதும் நான். பிறகு பூச்சி, தவளை என்று காட்டுப் படங்களில் இறங்கினான். ஹந்தானையில் ஒரு மரத்தவளையை நான்தான் தேடிப் பிடித்து அவனுக்குக் காட்டினேன். அதை எடுத்துப் பரிசு வாங்கினான். கண்டியில் கண்காட்சி வைத்தபோது வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவரு நம்ம வீரையா அண்ணே. காட்டுல எல்லா எடமும் தெரியும். நமக்குப் பாதை காட்டுவாரு" என்றான். அவனுக்கு அது மரியாதையாகவே பட்டிருக்கும். தொழில் பழக்கியவன் நான் என்று ஒரு வார்த்தை இல்லை. சிரித்துக்கொண்டே கையில் கொடுத்த பெட்டிஸைத் தின்று முடித்தேன்.

அப்புறம் ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தான்.

"அண்ணே, மேக்ரோ ஒன்னு வாங்கணும். நீளமானதுதான் நல்லதுங்கிறாங்க. தூக்கிட்டுத் திரிய முடியாது போல."

"சின்னதை எடு. ஒனக்கு அது போதும்."

"பாம்பு கீம்பு எடுக்கிறதுன்னா?"

"கிட்ட போய் எடுத்தாத்தான்டா அது படம்."

தப்பான யோசனை என்று யாரும் சொல்ல முடியாது. எடை குறைவு, கூர்மை குறையாது. நீள லென்ஸ் என்றால் தள்ளி நின்று எடுக்கலாம். சின்னதற்கு நான்கு விரல் தூரம்வரை போனால்தான் பாம்பின் தலை படத்தில் பெரிதாக விழும். வித்தியாசம் அது ஒன்றுதான். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தவனுக்கு எதிரில் கிடப்பது உயிருள்ளது என்பது மறந்துபோகும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உள்ள கோளாறு.

புசல்லாவைக்கு மேலே, தேயிலைக் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்ட ஒரு மலையில், மூக்கு நிமிர்ந்த விரியன் ஒன்றை முன்பே பார்த்து வைத்திருந்தேன். சருகோடு சருகாகக் கிடக்கும், லேசில் இடம் மாறாது. கூட்டிப்போய்க் காட்டினேன். புது லென்ஸை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தான். "இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றேன். நகர்ந்தான். "இன்னும்" என்றேன். கன்னத்தில் கொத்தியது.

பயந்துபோனான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான். "இதுக்குப் போயா? கொழுந்தெடுக்கிற பொம்பளைங்களுக்குக் கடிக்காததா? வீங்கி வத்திரும்" என்றேன். பெரும்பாலும் அப்படித்தான். சில பேருக்கு மட்டும் சிறுநீரகம் போய்விடும், அதுவும் எனக்குத் தெரியும். டவுனில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் மனைவி யசோதினி முகத்தைப் பார்த்துப் பதறினாள். அவளுக்கும் அதையே சொன்னேன். என் பேச்சை நம்பி இருந்துவிட்டார்கள். மூத்திரம் நின்ற பிறகுதான் கண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் திரும்பி வரவில்லை.

கேமரா என் பையில் தங்கிவிட்டது. சாவு வீட்டில் யாருக்கும் அந்த ஞாபகம் இல்லை. கடைசிப் படத்தைப் பார்த்தேன். பிளந்த வாய், பல் நுனியில் ஒரு துளி. ஓரத்தில் சருகை விலக்கிய அவன் இடது கை, மோதிரத்தோடு. அந்த மோதிரத்தை அவர்கள் கல்யாணத்தில் நானே மேக்ரோவில் எடுத்திருக்கிறேன்.

படத்தை என் பெயரில் கண்காட்சிக்கு அனுப்பினேன். யசோதினி அங்கே வந்து மோதிரத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். அந்த ஓரத்தை வெட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். வெட்டினால் படம் கெட்டுவிடும், சேர்.

கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படத்தைத் திருடினேன் என்று மட்டும் எழுத வேண்டாம். பாம்பைப் பார்த்து வைத்தவன் நான், லென்ஸைத் தேர்ந்தெடுத்தவன் நான், எவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்று சொன்னவனும் நான். அவன் பொத்தானை அழுத்தினான். அந்தப் படம் என்னுடையது.