எல்லாருக்கும் ஒரே பெட்டி

காலை டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர், பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள்.

"ஏனுங்க கார்த்தி, நேத்து எல்லாரையும் கொன்னுபோட்டீங்களாமா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. செத்துப்போன சரோஜாக்காவுக்கு மட்டும்னு நெனச்சு, புரோகிராம்ல அவங்களுக்குன்னு இருக்கற ஆப்ஜெக்ட்டுல டபுள் கோலன் போட்டு 'இறந்தவர்'னு எழுதீட்டனுங்க. அது ஸ்டேட்டிக், ஆளுக்கொண்ணு கெடையாது. பிஎச்பில மொத்த கிளாஸுக்கும் அது ஒரே பெட்டிதானுங்க. யாரு வழியா மாத்துனாலும் எல்லாருக்கும் மாறிரும். வாசல்ல வருகை பதியற மிஷின் அத்தனை பேரையும் இறந்தவர்னு காட்டுச்சு."

"அப்புறம்?"

"பயத்துல அதே பெட்டிய 'பணியில் உள்ளார்'னு மாத்தீட்டனுங்க."

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப சரோஜாக்கா?"

"அவங்களும்தானுங்க. இன்னைக்கு விடியக்கால ஷிப்ட்டு ஆரம்பிச்சதும், எல்லாரு ஊட்டுக்கும் போற மாதிரி அவங்க ஊட்டுக்காரருக்கும் தானா மெசேஜ் போயிருச்சு. 'சரோஜா வேலைக்கு வந்துவிட்டார்'னு."

முருகா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

பஸ் கம்பெனி முன்னால் நின்றது. வாசலில் வேட்டி கட்டிய ஒருவர், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு, உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருதானுங்க," என்றான் கார்த்தி.

இருவரும் இறங்கவில்லை.