சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச்

இல்ல சார், பேட்டரி இல்ல. பேட்டரி போயிருந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகியிருக்காது. உங்களுது ஓடுது, மேடு பள்ளத்துல குலுங்கினா மட்டும் பொசுக்குன்னு நின்னுடுது, அப்படித்தானே? அப்ப சீட்டு சுவிட்சாத்தான் இருக்கும். ஏறி உக்காருங்க. ஆள் உக்காந்தாத்தான் பார்க்கவே முடியும். முட்டி இடிக்கும், பார்த்து. இடது பக்கம் சுவரு, பின்னாடி டூல்ஸ் பீரோ. என் ஷெட்டு அவ்வளவுதான், என்ன பண்றது. உங்க டிரைவர் லீவா? சூப்பர்வைசரே ஓட்டிட்டு வந்திருக்கீங்க.

இந்தப் புல்லு வெட்டற வண்டி சரியான சந்தேகப் பிராணி சார். பிரேக்கை மிதிச்சிருக்கியா, பிளேடை அணைச்சிருக்கியா, சீட்டுல ஆள் இருக்கான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுவிட்ச் வச்சுக்கிட்டுக் கேட்டுட்டே இருக்கும். எங்க மாமியார்கூட என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்ல. பிளேடு சுத்தறப்ப ஆள் எந்திரிச்சா, அந்த நிமிஷமே இஞ்சின் நின்னுடணும். உங்களுக்கு அடியில இருக்கறது அந்தச் சுவிட்சுதான். ஸ்பிரிங் தளர்ந்துட்டாலோ, ஒயர் லூசானாலோ, குலுங்கறப்ப எல்லாம் ஆளே இல்லைன்னு நினைச்சுக்கும்.

கண்டுபிடிக்கறது லேசு. சுவிட்சை விட்டுட்டு ரெண்டு ஒயரையும் நேரா சேர்த்துப் பார்க்கணும். அப்ப நிக்காம ஓடினா, கோளாறு சுவிட்சுலதான். இந்தாங்க, ரெண்டு நுனியையும் மேல எடுத்து விட்டிருக்கேன். என் கை பூரா கிரீஸு, நீங்களே சுத்திடுங்களேன். நான் அதுக்குள்ள சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு, வலது பக்க பிளேடு மூடியைக் கழட்டிடறேன். புல்லு அடைச்சுக் கிடக்கு. முன்னாடி ஒயரையும் ஒரு கை பார்த்துடறேன்.

அட. சொல்லித் தரணுமோன்னு நினைச்சேன். பல்லாலயே தோலை உரிச்சுட்டீங்க. முறுக்கிட்டு நுனியை மடிச்சு வேற விடறீங்க. பழகின கை சார் உங்களுது.

ம், ஸ்டார்ட் பண்ணுங்க. பிளேடையும் போடுங்க. இப்ப சீட்டுல நல்லா எம்பி எம்பி உக்காருங்க. நிக்கல பாத்தீங்களா? சுவிட்சேதான். இருங்க, அதுக்குள்ள என்ன அவசரம். காது கேக்குதில்ல? நான் கத்தியே பேசறேன்.

இதே மாதிரி ஒரு வண்டி சார், பெரிய மைதானத்துல. ஈரப்புல்லு அடைச்சுக்கிச்சுன்னு டிரைவர் எந்திரிச்சு, ஒரு காலை எறக்கித் தள்ளிவிடப் போனார். எந்திரிச்சா நின்னுடும்னு நம்பிக்கை. அதுநாள் வரைக்கும் நின்னுச்சே. அன்னைக்கு நிக்கல. மறுநாள் மேட்ச்சு, வண்டி நின்னு நின்னு போனா வேலை முடியாதுன்னு யாரோ சீட்டுக்கு அடியில ஒயரைச் சேர்த்துச் சுத்திட்டாங்க. ஓட்டறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பாதம் போச்சு. விசாரணைக்கு ஆள் வந்தப்போ, டிரைவரே பண்ணிக்கிட்டதுன்னு சூப்பர்வைசர் வாய் கூசாம சொல்லிட்டார்.

ஆமா சார், உங்க மைதானந்தான். அந்த டிரைவர் எங்க வீட்டுக்காரர். ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்த்திருந்தீங்கன்னா என் மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த வண்டியை ரிப்பேர் பண்ண இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். என்னைக்காவது வந்துதானே ஆகணும்னு காத்துட்டிருந்தேன்.

சாவியைத் திருகினா இனி அணையாது. பிளேடு பட்டனும் அப்படித்தான். நீங்க ஒயர் சுத்தற மும்முரத்துல இருந்தப்ப நான் முன்னாடி ஒயரையெல்லாம் மாத்திட்டேன். எறங்கணுமா? தாராளமா எறங்குங்க. வழி வலது பக்கம் மட்டுந்தான். மூடி கிடையாது, பிளேடு அங்கதான் சுத்துது. காலைத் தூக்கிட்டுத் திரும்பவும் உள்ள வச்சுக்கறீங்களே, பயமா இருக்கா? இருக்கும். எந்திரிச்சாலும் இது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுது. அவருக்குத் தெரியாது சார்.

கத்தாதீங்க, ஷட்டரை எறக்கிட்டேன். பழி வாங்கறேனான்னு கேட்டா, ஆமா, வாங்கத்தான் செய்யறேன். வயிறு எரியுது எனக்கு. கால் போனதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஊரே சொல்லிச் சொல்லி இப்ப அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. சாப்பிட்டுட்டே இருக்கறவர் கை அப்படியே நிக்கும். ஏன்டி, நானேதான் சுத்திட்டு மறந்துட்டேனோன்னு என்னைக் கேக்கறார். இல்லைங்க இல்லைங்கன்னு நானும் சொல்லிட்டேன். பொண்டாட்டி சொன்னா ஆறுதலுக்குச் சொல்றான்னுதான் நினைக்கறார்.

அவரை வரச் சொல்லியிருக்கேன். கோலை ஊனி வரணும், மெதுவாத்தான் வருவார். டேங்கு நிறைய பெட்ரோல் இருக்கு, அதுவரைக்கும் தாங்கும். வந்ததும் யாரு சுத்தினதுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. சத்தமா சொல்லணும் சார். இஞ்சின் ஓடிட்டிருக்கும்.