கடல்குதிரை லேகியம்

என் பெயர் இசக்கிசெல்வி, வயது 31, கணவர் பெயர் சிவபாலன். ஆத்தூரில் கணவர், மாமியார் அருணாசலவடிவு ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். கணவர் பெயிண்ட் கடை நடத்தி வருகிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக மாமியார் என் கணவருக்கு முருங்கைப்பூவைப் பாலில் வேகவைத்தும், பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறவைத்தும் கொடுத்து வந்தார். கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

கடந்த மாதம், சந்தைக்கு வேனில் வந்து மருந்து விற்கும் வெள்ளத்துரை என்பவரிடம் மாமியார் ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தார். கடல்குதிரையைக் காயவைத்து இடித்துச் சேர்த்தது, இங்கிலீஷ் மருந்து எதுவும் கிடையாது என்று அவர் சொன்னதாக மாமியார் என்னிடம் கூறினார்.

கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் கணவர் அந்த லேகியத்தைச் சாப்பிட்டார். சற்று நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நானும் மாமியாரும் கடை ஆட்களும் அவரைத் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். நர்ஸ் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையை எடுத்தபோது டாக்டரம்மா, "ஆண்மைக்குன்னு மாத்திரை, லேகியம் ஏதாவது சாப்பிட்டாரா? சாப்பிட்டிருந்தா இதைக் கொடுக்கக் கூடாது, பிரஷர் அடியோட இறங்கி உயிருக்கே ஆபத்தாயிரும்" என்று கேட்டார். கடை ஆட்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா" என்றார். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். நான் கையை உதறிவிட்டு, "லேகியம் சாப்பிட்டார், இன்னைக்கும் சாப்பிட்டார்" என்று சத்தமாகச் சொன்னேன். டாக்டர் மாத்திரையைத் தடுத்துவிட்டு வேறு சிகிச்சை செய்தார். லேகியத்தில் ஆண்மைக்கான இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு வெளியே பெஞ்சில் இருந்தபோது நான் உள்ளே சத்தமாகச் சொன்னதைக் கேட்டிருந்த, நாசரேத்தைச் சேர்ந்த ஜெபசுதா என்பவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த லேகிய டப்பா எப்படி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். மஞ்சள் மூடி, கடல்குதிரை படம் போட்டது என்றேன். அவர் எழுந்து டாக்டரிடம் ஓடினார். அதே லேகியத்தைச் சாப்பிட்டதைச் சொல்லாமல் முந்தின நாளே அங்கே சேர்க்கப்பட்டிருந்த அவருடைய கணவர் நேசக்குமார் அன்று சாயங்காலம் இறந்துபோனார்.

மறுநாள் வெள்ளத்துரை விஷயம் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, "கேஸுன்னு போனா ஒங்க வீட்டுக்காரர் பேருதான் ஊர் பூரா நாறும், பாத்துக்கோங்க" என்று என்னை மிரட்டினார். மாமியாரும், "ஏளா, வேண்டாம், வெளியே தலைகாட்ட முடியாது" என்று அழுதார். நான் கணவரிடம் போய் என்ன செய்ய என்று கேட்டேன். அவர், "அவன் இப்பவும் எங்கயாவது வித்துக்கிட்டுதான் இருப்பான். நீ போ" என்றார். அதன் பேரில் மீதி லேகியத்தோடு காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்லுகிறேன்.

ஜெபசுதாவும் என்னுடன் வந்திருக்கிறார். அவர் இங்கே வந்தது இன்னும் அவர் மாமனார் வீட்டுக்குத் தெரியாது. வெளியே நிற்கிறார். அவர் சொல்லுவதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சி. இசக்கிசெல்வி