பதினேழாம் எண் சட்டை

பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வேர்க்கடலைக்காகத்தான் போகிறார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். அப்பா மற்ற பாதியைச் சேர்ந்தவர். எஃகு ஆலையில் வேலை முடிந்து வந்ததும் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, என்னை ஒரு கையிலும் தம்பி எமிலை இன்னொரு கையிலும் பிடித்தபடி ஆற்றோர மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஆடியது கோல்ட்டன் ஹெரன்ஸ். சட்டையின் நெஞ்சில் ஒற்றைக் காலில் நிற்கும் நீலக் கொக்கு. நீங்கள் ஊருக்குப் புதியவர், டிடெக்டிவ், உங்களுக்குத் தெரிந்திருக்காது. சின்ன அணிதான். பெரிய அணிகளில் இடம் கிடைக்காத பையன்களும், அங்கே ஆடி வயதாகித் திரும்பியவர்களும் ஆடினார்கள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில் அணியைக் கலைத்துவிட்டார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. பிற்பாடு ஆலையை மூடிய அன்றுகூட அவர் சாப்பிட்டார்.

சேகரிப்பைத் தொடங்கியவன் எமில். இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் எல்லோரும் அதை என் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். மைதானத்தை இடித்தபோது அவன் இடிபாட்டுக்குள் புகுந்து ஒரு மர இருக்கையை இழுத்துக்கொண்டு வந்தான். கையெல்லாம் கிழிந்து ரத்தம். அம்மா அவன் கையைத் துடைத்தாள். நான் இருக்கையைத் துடைத்தேன். அன்றைக்கே வேலை பிரிந்துவிட்டது. தேடிக் கொண்டுவருவது அவன், காப்பாற்றுவது நான்.

சனிக்கிழமையானால் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டைக் காலி செய்கிறவர்கள் புல்தரையில் பரப்பி வைத்திருக்கும் சாமான்களுக்குள் மண்டியிட்டுத் தேடுவான். டிக்கெட் துண்டுகள், முக்கோணக் கொடிகள், ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பந்துகள், விரிசல் விட்ட மட்டை ஒன்று. அம்மா போன பிறகு மாடியில் அவள் அறையைக் கொக்கு அறையாக்கினோம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தேன். வெயில் பட்டால் மை வெளுத்துவிடும்.

நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை ஒருவர் கேட்டார். கிளாரன்ஸ் என்று பெயர், பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஒரு நாள் அறையைக் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "இர்மா, உயிரோட இருக்கறவங்க உக்கார்றதுக்கு இந்த வீட்ல ஒரு நாற்காலியாவது இருக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எமில் அன்று கடையிலிருந்து ஆப்பிள் கேக் வாங்கி வந்து, பெரிய துண்டை என் தட்டில் வைத்தான்.

சட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அது ரே டல்லிவருடையது. பதினேழாம் எண், இடது கைப் பந்துவீச்சாளர். அணி கலைந்த பிறகு பால் வண்டி ஓட்டி, அப்படியே இறந்துபோனார். அவர் மகள் ஈரி நகரத்தில் இருப்பதை எமில் எப்படியோ கண்டுபிடித்தான். போய்ப் பார்த்தால், அந்தச் சட்டையின் மேல் அவர்களுடைய நாய் படுத்திருந்தது.

அவன் பேருந்தில் திரும்பி வந்தான். மடியில் ஒரு காகிதப் பை.

"வண்டி எங்கடா?" என்றேன்.

"அவ பையனுக்கு வண்டி வேணுமாம். குடுத்துட்டேன்."

"வேலைக்கு எதுல போவ?"

"எனக்குக் கால் இருக்குல்ல இர்மி. மொதல்ல இதப் பாரு."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் கண்ணாடித் தொழிற்சாலைக்கு நடந்தே போய் வந்தான். நான் சாமணத்தால் நாய் முடியை ஒவ்வொன்றாக எடுத்தேன். சாயங்காலம் அவன் வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, மாடிப்படியில் ஏறி நின்று பார்ப்பான். தொட மாட்டான். "நீ பாத்துக்கறவ, நீ தொடு" என்பான். எங்கள் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான குளிர்காலம் அது. அவனைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

மறதி எப்போது தொடங்கியது என்று டாக்டரும் கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முதலில் அடுப்பை அணைக்க மறந்தான். பிறகு அப்பா இறந்துவிட்டதை மறந்தான். அதில் எனக்குச் சிரமம் இல்லை. அவன் என்னை இர்மி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவனுக்கு ஆட்டம் தொடங்கிவிடும்.

"கெளம்பு கெளம்பு, ரே எறங்கறாராம் இன்னைக்கு."

"இன்னைக்கு ஆட்டம் இல்லடா எமில்."

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் இல்லாம இருக்குமா? நீ எப்பவும் லேட்டு. அப்பா வாசல்ல நிக்கறார் பாரு."

ஒரு நாள் ஆட்ட நிரல் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு ஹாட் டாக் சாப்பிட்டான். கடுகுச் சாந்து நடுப்பக்கத்தில் வழிந்துவிட்டது. இன்னொரு நாள் கொல்லைப் பக்கம் டப் டப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால், முழு அணியும் கையெழுத்துப் போட்ட பந்தை மழையில் கராஜ் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். நான் வாங்கிப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் ஊதாக் கறையாக ஓடியிருந்தன. அவன் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு, "என் கை இன்னும் நல்லாத்தான் இருக்கு, பாத்தியா?" என்றான். நான் அவனை அடிக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். இறுக்கமாகப் பிடித்திருக்கலாம். மணிக்கட்டில் இருந்த அடையாளம் அதுதான்.

அறைக்குப் பூட்டுப் போட்டேன். அவன் கதவருகே தரையில் உட்கார்ந்து அழுதான். "இர்மி, தொறந்து விடு. எல்லாரும் உள்ள போயிட்டாங்க, என்னைய மட்டும் வெளிய விட்டுட்டாங்க." கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

அவனைப் பார்த்துக்கொள்ள மாவட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். நல்ல பெண். ஆனால் கையில் எப்போதும் லோஷன். அவனைச் சமாதானப்படுத்துவதற்காக என்னிடம் கேட்காமல் ஒரு கொடியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவளை நிறுத்திவிட்டேன். "மிஸ் ஹவ்ரான், அவரத் தனியா சமாளிக்க உங்களால முடியாது, தப்பா நினைக்காதீங்க" என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை.

மாடியில் வெப்பமூட்டியை நான்தான் அணைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய காகிதத்துக்கும் தோலுக்கும் சூடு ஆகாது. எமிலின் படுக்கையும் மாடியில்தான். அவனுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டேன். இருமல் வந்தது. இருமல் எல்லோருக்கும் வரும். பக்கத்து வீட்டு வெர்னா மட்டும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எளைச்சுப் போயிட்டானே இர்மா. முதியோர் இல்லத்துல கேட்டுப் பாரேன், நானும் கூட வர்றேன்" என்பாள். இல்லத்தில் விட்டால் அவன் தன் சாமான்களைக் கேட்பான், கொடுத்தனுப்பச் சொல்வார்கள். பாதிக்குப் பாதி அவனுடையது, சட்டப்படி. நான் வேண்டாம் என்றேன்.

அன்று மதியம் நான் கடைக்குப் போயிருந்தேன். பாலும் ரொட்டியும் வாங்கித் திரும்பும்போது ஈரப்பனி விழத் தொடங்கியிருந்தது. வீட்டு வாசல் திறந்து கிடந்தது. மாடிக்குப் போனேன். கொக்கு அறையின் கதவு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. அவன் கீல் ஆணிகளைக் கழற்றியிருந்தான். கண்ணாடித் தொழிற்சாலையில் ஆயுள் முழுவதும் பொருத்துனர் வேலை பார்த்த கை. பெயர்களை மறந்திருந்தது, வேலையை மறக்கவில்லை. ஆணிகளைத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான், தொலைந்துவிடக் கூடாது என்று.

வேறு எதையும் தொடவில்லை. பதினேழாம் எண் சட்டை மட்டும் இல்லை.

எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். டயர் கிடங்குக்குப் பின்னால், மைதானம் இருந்த இடத்தில், பார்வையாளர் படிகளில் ஒன்று இன்னும் பெயராமல் கிடக்கிறது. காரில் போனேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தான். மேல்கோட்டு இல்லை. சீருடைக்கு மேல் யாரும் கோட்டுப் போட மாட்டார்கள் அல்லவா. பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தான். தோளில் பனி படிந்து உருகி, நீலக் கொக்கின் சாயம் லேசாகக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "வந்துட்டியா? இன்னும் ஆரம்பிக்கல."

"சட்டையக் கழட்டு எமில்."

"ஏன்?"

"ரேக்கு வேணுமாம். அவர் போட்டுக்கிட்டு எறங்கணும்ல."

அவன் உடனே கைகளைத் தூக்கினான், சின்ன வயதில் அம்மா குளிப்பாட்டும்போது தூக்குவதைப் போல. பொத்தான்களை நான் அவிழ்த்தேன். விரல் விறைத்துப்போய் எனக்கு நேரம் பிடித்தது. உள்ளே பனியன்தான். ஸ்வெட்டரை வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

காரில் ஒரு கம்பளிப் போர்வை இருந்தது, உண்மைதான். சட்டையை அதில் சுற்றினேன். முன்னிருக்கையில் நீளவாக்கில் கிடத்தினேன். மடித்தால் சாயம் ஒட்டும். பின்னிருக்கையில் கடைச் சாமான்கள். எமில் சேறும் தண்ணீருமாக இருந்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் கொண்டுபோக முடியாது என்று பட்டது. எனக்கு அப்போது அது மிகத் தெளிவாகப் பட்டது, டிடெக்டிவ்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான். பல் கிட்டியிருந்ததால் வார்த்தை உடைந்து வந்தது.

"இல்ல. மழைக்காக நிறுத்தி வச்சிருக்காங்க. நீ இங்கயே இரு. எந்திரிக்காத."

"நீ வருவல்ல?"

"வருவேன்."

அவன் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வதை அவன் ஒரு நாளும் தட்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, சட்டையைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழியாமல் எடுத்து, சாப்பாட்டு மேசையில் துண்டுகளை விரித்து அதன் மேல் பரப்பினேன். கைகளை நேராக்கினேன். வெர்னா கதவைத் தட்டினாள். "எமில் எங்க இர்மா? வாசல்ல அவன் காலடித் தடம் தெரியுதே" என்றாள். தூங்குகிறான் என்றேன். அவள் என் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குப் பனி அள்ளும் வண்டிக்காரர் அவனைப் பார்த்திருக்கிறார். உட்கார்ந்தபடியே இருந்தான் என்றீர்கள். அவனுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பனியை வழித்துத் துடைத்து வைத்திருந்தான் என்றும், மற்ற இடமெல்லாம் மூடிக் கிடந்தபோது அது மட்டும் ஏன் காலியாக இருந்தது என்று புரியவில்லை என்றும் சொன்னீர்கள். அது என் இடம். விழ விழத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பான், கை ஓயும் வரைக்கும்.

நான் அவனை அங்கே விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அந்த வார்த்தை சரியில்லை. நான் திரும்பிப் போவதாகத்தான் இருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கார்ச் சாவி கையிலேயே இருந்தது. மேசை பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சட்டை காயட்டும், காய்ந்ததும் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது நல்ல கனமான பழைய கம்பளி, டிடெக்டிவ். மெதுவாகத்தான் காயும்.