இரண்டாவது திரை

ராத்திரி ஒன்பதரை மணி. ஊர் முடிந்து, தெருவிளக்கும் முடிந்து, அதற்கப்புறமும் போகிற ஒரு சாலை. அதன் கடைசியில் ஒட்டினாற்போல் இரண்டே வீடு. ஒன்றில் ஆள் இல்லை. மற்றதன் வாசலில் வண்டியை நிறுத்தினார் கம்பிச் சித்தப்பா.

அவர் என் நண்பனின் சித்தப்பா. டிவி மெக்கானிக். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "எர்த் சரியில்ல, எலக்ட்ரீஷியனப் பாரு" என்று வாயை அடைத்துவிடுகிற ஆள். இதை மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார்... அதுவும் எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு. நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

கதவைத் திறந்தவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். இருந்தது ஒரே பிள்ளை. ஏழு வயது. சுண்டு என்று கூப்பிடுவாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஊரார் ரத்தத்தையெல்லாம் குழாயில் பிடித்தவளுக்கு, தன் பிள்ளை ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"லேப்டாப்ல இருக்கற வீடியோ டிவில வரணும்ணே. ஒயரெல்லாம் அவன்தான் சொருகுவான். எனக்கு எது எங்க போகும்னே தெரியாது."

"அவ்வளவுதானேம்மா? அஞ்சு நிமிஷ வேலை."

வீடியோவைக் காட்டினாள். சமையலறையில் இவள் நிற்கிறாள். தலையில் மாவுச் சல்லடையைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு, ராஜா மாதிரி பேசுகிறாள். பிள்ளையைக் காணோம்.

"எடுக்கறது அவன்ணே. எல்லாத்துலயும் நான்தான் இருப்பேன். ஃபோட்டோவுல நிக்கச் சொன்னா விறைச்சுக்குவான், அது அவனே இல்ல. இங்க பாருங்க..."

அவள் விரல் வைத்த இடத்தில், சமையலறை ஜன்னல் கண்ணாடி. அதில் நகக்கண் அளவுக்கு ஒரு நிழல். ஃபோனைத் தூக்கிப் பிடித்த ஒரு சின்ன உருவம்.

"சிரிச்சா கை ஆடிடும்னு உதட்டக் கடிச்சுக்கிட்டு எடுப்பான். பெரிய டிவில போட்டா மூஞ்சி தெரியும்ல?"

சித்தப்பா ஒயரை எடுத்துச் சொருகினார்.

சிக்னல் இல்லை என்றது டிவி.

ஒயரைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டினார். வேறு ஒயர் போட்டார். ரிமோட்டில் சோர்ஸை ஒவ்வொன்றாக மாற்றினார். இரண்டையும் அணைத்துப் போட்டார். அசையவில்லை.

லேப்டாப்பின் செட்டிங்ஸைத் திறந்தார். அது பழைய லேப்டாப், வெளியே ஒரு திரைக்குத்தான் படம் அனுப்பும். அந்த ஒரு இடத்தில் ஏற்கெனவே ஒரு திரை உட்கார்ந்திருந்தது. 'இரண்டாவது திரை: இணைப்பில் உள்ளது.' ஒயரை உருவினார். அப்போதும் இணைப்பில்தான் இருந்தது.

"வேற டிவி இருக்காம்மா?"

"இல்லையே."

"அப்போ ஒயர் இல்லாம பக்கத்து வீட்டு டிவிக்குப் போகுது போல."

"பக்கத்து வீடு காலிண்ணே."

எந்தத் திரைக்கு எந்த எண் என்று பார்க்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அந்தந்தத் திரையில் அதன் எண் பெரிதாக வரும். அழுத்தினார். லேப்டாப்பில் ஒன்று என்று வந்தது. டிவி கறுப்பாகவே இருந்தது. ஆனால்... உள்ளறைக் கதவின் அடியில், தரையோடு தரையாக, ஒரு வெளிச்சம் வந்து போனது. இருமல் மருந்தின் இனிப்பு வாசனை லேசாக அடித்தது.

தலையை உலுக்கிக்கொண்டு, ஒயரை மறுபடி சொருகி வீடியோவை ஓடவிட்டார். லேப்டாப்பில் படம் ஓடியது. ஆனால் சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. அவள் குரல்... ராஜா பேச்சு... "யாரங்கே! இந்த நாட்டில் பால் குடிக்காத பிள்ளை யார்?"

அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற குழந்தைச் சிரிப்பு.

அவள் எழுந்துவிட்டாள். "இந்த வீடியோவுல அவன் சிரிக்கவே மாட்டான்..."

சித்தப்பாவின் கண் லேப்டாப் திரையில் இருந்தது. வேண்டாத இணைப்பைத் துண்டித்தால் டிவிக்கு வழி கிடைக்கும், வேலை முடிந்தது. எத்தனையோ வீட்டில் செய்ததுதான். துண்டி என்பதை அழுத்தினார்.

டிவியில் பளிச்சென்று படம் வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளறையிலிருந்து ஒரு குரல். "அம்மா?" பிறகு அழுகை முட்டுகிற குரல். "அம்மாவக் காணோமே..."

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். மடித்து வைத்த சின்னப் போர்வை. கட்டில். வெற்றுச் சுவர். வேறொன்றும் இல்லை. இத்தனை நாளும் லேப்டாப்பில் அவள் தனியாக உட்கார்ந்து பார்த்து அழுத வீடியோவையெல்லாம், இந்த அறையில் இன்னொருவனும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மறுபடி குடுத்துடுங்கண்ணே! எனக்கு டிவி வேணாம். அவனுக்கே குடுத்துடுங்க!"

சித்தப்பா அந்த இணைப்பைத் தேடினார். லேப்டாப், டிவி, இரண்டுதான் காட்டியது. மறுபடி தேடினார். அதற்குள் அவள் சமையலறைக்கு ஓடிச் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், அந்த வெற்றுச் சுவருக்கு எதிரே நின்றுவிட்டாள். "யாரங்கே... யாரங்கே! பால் குடிக்காத பிள்ளை..." குரல் உடைந்தது. விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு. தெரியறேனா?"

கூடத்தில் சித்தப்பா தற்செயலாக டிவியை நிமிர்ந்து பார்த்தார்.

படத்தில் இருந்த அந்த ஜன்னல் கண்ணாடி... அதில் பையன் பெரிதாகத் தெரிந்தான். ஃபோனைக் கீழே வைத்துவிட்டிருந்தான். கண்ணுக்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, பூட்டின கடைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் கூடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தின் மேல் ஒரு தழும்பு, ஆடுகிற முன்பல், எல்லாம் துல்லியம். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். காலியாக இருந்தது. சித்தப்பாவைப் பார்த்தான். இவர் இல்லை என்பதுபோல் கண்ணை நகர்த்தினான். உதடு பிதுங்கியது.

"அம்மா! இங்க வாங்க! இங்க இருக்கான், சீக்கிரம்!" என்று கத்தினார் சித்தப்பா.

அவள் சல்லடையோடு ஓடிவந்தாள். டிவியில் எழுத்து மட்டும் இருந்தது. சிக்னல் இல்லை.

"எப்படி இருந்தான்?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே... எப்படி இருந்தான்?"

"சிரிச்சுக்கிட்டு இருந்தாம்மா." சித்தப்பா வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். டிவியில் ஒழுங்காகவே வந்தது. இவள் ராஜாவாக நின்று பேசினாள். ஜன்னல் கண்ணாடியும் தெளிவாகத் தெரிந்தது. அதில் அடுப்பு இருந்தது, விளக்கு இருந்தது. நடுவில், ஏழு வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், பிடிக்க ஆளில்லாமல் ஃபோன் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.